தலைவருக்கு எத்தனை ஆண்டு?

எங்கள் கடைத்தெரு சங்கத்தின் தலைவர் கஜிதானி போட்டியே இல்லாமல் மறுபடியும் ஜெயித்தார். தனியாக ஓடி முதலாவதாக வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஜெயித்தால் இந்த ஒசாகாவில் விருந்து வைத்தாக வேண்டும். ஒருவன் முன்னால் நின்று குரல் கொடுக்க, எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி மூன்று முறை "பன்சாய்" போடுவார்கள். பத்தாயிரம் ஆண்டு வாழ்க என்று அர்த்தம். குரல் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். தெருவில் நான்தான் மூத்தவன். அதோடு, என்னைப் போல ஒரு கொரியாக்காரன் பன்சாய் போட்டால் பத்திரிகைப் படத்தில் நன்றாக விழும். அந்த ஆள் சும்மா எதுவும் செய்கிறவர் இல்லை.

எனக்குப் பிடிக்கவில்லை. என் அப்பாவைப் போர்க்காலத்தில் கொரியாவிலிருந்து இங்கே சுரங்கத்துக்கு இழுத்துவந்து, தினமும் காலையில் வெறும் வயிற்றோடு சக்கரவர்த்திக்குப் பத்தாயிரம் ஆண்டு கத்தவைத்தார்கள். ஜப்பான் தோற்ற அன்று அதே முற்றத்தில், அதே கைகளைத் தூக்கி, அதே சொல்லைக் கொரிய வாயால் "மான்சே" என்று தன் நாட்டுக்காகக் கத்தினார். அதன்பிறகு அவர் யாருக்கும் கை தூக்கவில்லை.

ஆனால் எங்கள் கிம்சி ஊறுகாய்க் கடைக்குப் பலகைப் பிரச்சினை இருந்தது. கிம்சி வாளிகளை வைக்கும் வாசல் பலகை, தெருவில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, எடு என்றது சங்கம். பலகை போனால் வியாபாரம் போச்சு. கடைக்குள் இருக்கிற கிம்சியை எவன் எட்டிப் பார்க்கப்போகிறான்? கஜிதானியிடம் கேட்டேன்.

"விதின்னா விதிதான், காங்-சான். ஆளுக்கொரு கோடு போட முடியுமா?"

என் மனைவி பொக்நாம் விடவில்லை. "அந்தாளு குடிச்சுட்டு இளிக்கிற நேரமாப் பார்த்துக் கேளுங்க. தூக்கினா கை என்ன தேஞ்சா போயிடும்?"

போனேன்.

விருந்தில் பீர் நுரை அடங்குவதற்குள் கஜிதானியின் மருமகன் எழுந்தான். நூலகத்தில் வேலை. மாமனாரைக் குளிர்விக்க அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பை எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தான். "இந்தச் சொல் சீனாவில் பிறந்தது..."

"அப்ப எங்களுக்கு வாடகை எடுத்து வைங்கய்யா!" என்றான் பணியாரக் கடை வைத்திருக்கும் சீனாக்காரன் சியூ. "எங்க ஊர்லயும் ஒருத்தருக்கு 'வான்சுயி'ன்னு தொண்டை கிழியக் கத்தினோம். பத்தாயிரத்த விடுங்க, மனுசன் நூறக்கூட எட்டல."

மருமகன் சிரிக்கவில்லை. "பத்தாயிரம் என்பது சக்கரவர்த்திக்கு மட்டும். அவருக்குக் கீழே உள்ள ராஜாக்களுக்கு ஆயிரம்தான். கொரிய ராஜாவுக்கும் வெகுகாலம் ஆயிரம்தான். மீறிக் கத்தியவன் தலை தப்பாது."

ஆயுளைக்கூடப் பதவி பார்த்து அளந்திருக்கிறார்கள், பாவிகள்.

என்னைக் கூப்பிட்டார்கள். முன்னால் போய் நின்றேன். எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"நம்ம தலைவர் விதிய மதிக்கிறவர்," என்றேன். "அவரு இன்னும் சக்கரவர்த்தி ஆகல. பத்தாயிரம் போட்டா கோட்டத் தாண்டினதா ஆயிடும். அதனால ஆயிரம் போடுவோம். எல்லாரும் கையப் பாதி மட்டும் தூக்குங்க."

சிலர் தூக்கியே விட்டார்கள், தோள் உயரத்துக்கு. படம் எடுக்க வந்தவன் கேமராவை இறக்கினான். கஜிதானியின் காது சிவந்தது.

"விளையாடாதீங்க காங்-சான்! அதெல்லாம் எந்தக் காலத்து விதி? நல்ல நாள்ல கொஞ்சம் தாண்டினா என்ன குடியா முழுகிடும்?"

"எத்தனை சாண் தாண்டலாம்?"

சியூவுக்குப் பீர் மூக்கில் ஏறியது. கஜிதானி சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு வாசலில் பலகை உண்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. தூக்கிய கையை ஒருவரும் இறக்கவுமில்லை.

"பலகை இருக்கட்டும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எல்லாருக்குமா தலைவரே?" என்றான் சியூ.

"எல்லாருக்கும்தான்யா! காங்-சான், கத்தித் தொலைங்க."

கத்தினேன். மூன்று முறை, முழுக் கையோடு.

அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. கஜிதானி ராஜ்ஜியம் பிடித்தவர் போலச் சிரிக்கிறார். பக்கத்தில் நான், இரண்டு கையும் கூரையைப் பார்க்க, வாயைப் பிளந்துகொண்டு. அப்பா பார்த்தால் காறித் துப்பியிருப்பார்.

பொக்நாம் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டப் பார்த்தாள். பிடுங்கிக் கொண்டுபோய் வாசல் பலகையில் விரித்து, கசிகிற வாளியைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.