வாடாத தழை

மேய்ச்சல் காட்டில் புல் என்ற பெயரில் இருந்தது வெறும் சருகு. பகலெல்லாம் அதைக் கொறித்துவிட்டு வரும் மாடு எவ்வளவுதான் கறக்கும்? பால் பாதியாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வியாபாரி வர்றான். அதுக்குள்ள தேறலைன்னா வித்துடறேன்" என்று கணவன் சொல்லிவிட்டான். கன்றுக்குட்டியிலிருந்து அவளே வளர்த்து, சீமாட்டி என்று பேர் வைத்த மாடு. அவள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே டாக்டரம்மா வழி சொன்னார். வேலியில் நிற்கும் கிளைரிசிடியா மரத்தின் தழையை வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, மேலே கொஞ்சம் தவிடு தூவி வைக்க வேண்டும். பச்சையாக வைத்தால் வாடை பிடிக்காமல் மாடு தொடாது.

அவள் அப்படியே செய்தாள். சாயங்காலம் வெட்டிக் கொட்டகையில் பரப்பி, மறுநாள் சாயங்காலம் வைத்தாள். சீமாட்டி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாளும் அதே கதை. தவிட்டை மட்டும் வழித்து நக்கிவிட்டுத் தழையை மிதித்தது. "உனக்கு என்னடி இவ்வளவு ராங்கி?" என்று கத்தினாள். டாக்டரம்மாவையும் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினாள். ஒரு நாள் முழுக்கக் கிடந்த தழை இப்போதுதான் பறித்தது போல் பளபளக்கிறதே என்று அவளுக்கு உறைக்கவே சனிக்கிழமை ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாமனார் ஒரு வாளித் தண்ணீரோடு குந்தியிருந்து, தழைமேல் அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கத் தள்ளுவண்டியில் கீரை விற்ற கை. வாடுகிற இலையைக் கண்டால் சும்மா இருக்குமா?

"மாமா! என்ன பண்றீங்க?"

"நல்லவேளை, நான் பார்த்தேம்மா. நீ போட்டது போட்டபடி போயிடற. தினமும் நாலஞ்சு தடவை நான்தான் தெளிக்கிறேன்."

"ஐயோ, அது வாடணும் மாமா! வாடினாத்தான் திங்கும்! உங்களாலதான் என் மாடு கைய விட்டுப் போகப்போகுது!"

"வாடினதை ஒரு ஜீவன் முன்னாடி எப்படிம்மா வைக்கிறது?" கிழவரின் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். புதுத் தழை வெட்டி மொட்டைமாடியில் பரப்பினாள். அவர் முழங்காலுக்கு அந்தப் படி ஏறாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாளியையும் ஒளித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வியாபாரி கயிற்றோடு வாசலில் நிற்க, அவள் துவண்டுபோன தழையைத் தொட்டியில் கொட்டினாள். சீமாட்டி மோந்தது. ஒரு கொத்தை இழுத்தது. பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை.

"தின்னா மட்டும் போதுமா? பால் எங்க?" என்றான் கணவன். "வாக்குக் கொடுத்தாச்சு, அவுத்து விடு."

நேற்றிலிருந்து யாரோடும் பேசாத மாமனார் மெல்ல எழுந்து வந்தார்.

"ஏண்டா, நல்ல கீரையெல்லாம் ஊருக்கு வித்துட்டு, விக்காம வாடினதைத்தான் வீட்டுக்குக் கொண்டாருவேன். அதைத் தின்னுதான் நீ வளர்ந்தே. ஒரு நாள்கூட நீ தட்டைத் தள்ளினதில்லை. எனக்குத்தான் மனசு கூசும்." மாட்டின் முதுகில் கை வைத்தார். "இதுவும் அதைத்தான் திங்குது. நம்ம வீட்டு ஆளை எப்படிடா விக்கிறது?"

கணவன் தொட்டியிலிருந்து ஒரு வாடின கொத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மாட்டின் முன்னால் போட்டான். பிறகு வியாபாரியிடம், "அப்புறம் பார்க்கலாங்க" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்றுக் கத்தியதற்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று மாமனார் பக்கம் திரும்பினாள். அவர் தொட்டியில் மிச்சமிருந்த வாடின தழையைப் பார்ப்பதும், மூலை முடுக்கெல்லாம் எதையோ தேடுவதுமாக இருந்தார்.

"அந்த வாளியை எங்கம்மா வச்சே?" என்றார்.