சுவரைப் பார்த்து நின்ற வண்டி

எங்கள் வம்சத்தில் ஒருவன் இறந்துபோனால் அவன் ஏறிய குதிரையின் மேல் ஒரு வருடம் யாரும் ஏறுவதில்லை. அதன் வாலையும் பிடரி மயிரையும் கத்தரித்துவிடுவோம். வருடம் முடியும் விருந்தன்று அதை அறுத்து ஊருக்குப் பரிமாறுவோம். அன்றே அவன் மனைவி துக்கக் கறுப்பைக் களைவாள். அதன்பிறகு அவள் அந்த வீட்டில் இருக்கலாம், போகவும் செய்யலாம். யாரும் தடுக்க முடியாது.

என் மகன் குபானிச்சுக்குக் குதிரை கிடையாது. மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. வெளிநாட்டுப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு பாமிர் பாதையில் போய்வருவது அவன் தொழில். போன வசந்தத்தில், பனி உருகிப் பெருகிய ஆற்றில் ஒரு பயணியின் வண்டி சாய்ந்தது. குபானிச் தன் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கினான். பயணி பிழைத்தான். விருந்தாளியை விட்டுவிட்டுக் கரையேறினான் என்று என் மகனைப் பற்றி எவனும் சொல்ல முடியாது.

கீறல் இல்லாமல் வீடு வந்த வண்டியைக் கொட்டகையில், முன்சக்கரம் சுவரைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். யாரும் தொடக் கூடாது என்றேன்.

என் தம்பி தெமிர்குல்லுக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, வாலை வெட்டணுமே. இதுல எதை வெட்டுறது? புகைக்குழாயையா?"

நான் கொட்டகைக் கதவைச் சாத்தினேன்.

"வருஷ விருந்துக்கு இதை அறுத்தா எனக்குச் சங்கிலியைக் குடுத்துடாதே. எனக்குப் பல்லு இல்ல."

அப்புறம் அவனே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். குபானிச்சுக்கு முதன்முதலில் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

விருந்து நெருங்கியபோது தெமிர்குல்தான் யோசனை சொன்னான். வண்டியை விற்றுவிடு, அந்தப் பணத்தில் கொழுத்த பெட்டைக்குதிரை ஒன்று வாங்கு, அவன் வாகனமே விருந்தானதாக இருக்கும் என்றான். சரி என்றேன். அலாய்ப் பள்ளத்தாக்கு முழுவதும் அன்று என் வீட்டுக்கு வரும். ஆட்டுக்கறி போட்டு அனுப்ப முடியாது.

வெளியே சொன்ன காரணம் இது. இன்னொன்றும் இருந்தது. மருமகள் ஐசிரெக் ஒருநாள் டீ ஊற்றும்போது தலை நிமிராமல் கேட்டிருந்தாள்.

"மாமா, வருஷம் முடிஞ்சதும் அந்த வண்டியை நான் எடுத்துக்கலாமா? அவர் செஞ்ச வேலையையே நானும் செய்வேன். ஓட்ட அவரே கத்துக்குடுத்திருக்காரு, வழியெல்லாம் எனக்குத் தெரியும்."

"இந்த வீட்டு மருமக ஊர் பேர் தெரியாத ஆம்பளைங்களுக்கு வழிகாட்டப் போக மாட்டா."

அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. என் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. குபானிச்சுக்கும் அவளுக்கும் குழந்தை என்று ஒன்றும் இல்லை. வீட்டில் நானும் அவளும்தான். வண்டி போய்விட்டால் அவளுக்குப் போக வழி இருக்காது, இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

ஓஷ் நகரத்திலிருந்து ஜமிர் வந்தான். குபானிச்சின் கூட்டாளி. பயணிகளுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவன். ஒட்டகம்போல உயரம். நானே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினேன். நான் கூட்டுப்பண்ணை லாரி ஓட்டியவன், எஞ்சின் தெரியும். என் மகன் கை வைத்த பொருளைப் பற்றி அரைகுறையாகப் பேச விடமாட்டேன்.

"கேட்டுக்கோ. எஞ்சின் அடிவேகத்துலயே நல்லா இழுக்கும். கணவாய் உச்சியிலயும் மூச்சு வாங்காது. ஆனா டேங்க் நிரம்பினா மேல்பாரம், மணல்ல தலையை ஆட்டும். கம்பெனி போட்ட அடித்தகடு வெறும் பிளாஸ்டிக், முதல் கல்லுலயே போச்சு. இது அவன் அலுமினியத்துல அடிச்சது. கம்பெனி விளக்கு வெளிச்சம் பத்தாது, அதான் இந்த ரெண்டு. கைப்பிடியில சூடு வர்ற மாதிரி கம்பி ஓட்டியிருக்கான். காத்துத் தடுப்பை உயர்த்தியிருக்கான், முன்ன தலைக்கவசத்துல காத்து அடிச்சு மண்டையை உலுக்கும்னு சொல்வான்."

"குறையையும் சேர்த்தே சொல்றீங்களேப்பா. வியாபாரம் தெரியாதா உங்களுக்கு?"

"பொய் தெரியாது."

ஜமிர் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சிரிப்பு நின்றது. அவன் முழங்கால் இரண்டும் டேங்கைத் தாண்டி மேலே வந்தன. வண்டி அவனுக்குக் கீழே அமிழ்ந்தது.

"முட்டி காதைத் தொடுது. சீட்டைச் செதுக்கியிருக்கான். பின்சக்கரத்து இணைப்பை மாத்தி உயரத்தை இறக்கியிருக்கான். ஸ்பிரிங் மெலிசு. கைப்பிடி லீவரைப் பாருங்க, சின்னக் கைக்கு எட்டுற மாதிரி உள்ளே தள்ளியிருக்கு." என் முகத்தைப் பார்த்தான். "அப்பா, இது குபானிச் தனக்காகச் செஞ்சதில்ல."

"தெரியும்."

குபானிச்சின் கடைசிக் குளிர்காலம் முழுவதும் அந்த வேலைதான். சீட்டைக் கழற்றிப் பஞ்சைச் செதுக்குவான். ஐசிரெக் ஏறி உட்காருவாள், கால் விரல்தான் தரையைத் தொடும். மறுபடி கழற்றுவான். இருவரும் சிரிப்பது ஜன்னல்வரை கேட்கும். வாசலில் ஆட்கள் போய்வருகிற நேரம் என்று நான் இருமுவேன். சிரிப்பு அடங்கும். வசந்தத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு அவனும் அதையேதான் ஓட்டிப்போனான்.

"இப்படியே வாங்கினா என்கிட்ட வர்ற தடியனுங்க எவனும் ஓட்ட முடியாது," என்றான் ஜமிர். "கம்பெனி சாமான் இருக்கா? இருந்தா மத்தியானத்துக்குள்ள பழையபடி ஆக்கிடலாம். இல்லேன்னா விட்டுடுங்க."

கொட்டகையில் மரப்பெட்டிக்குள் எல்லாம் இருந்தது. பழைய ஸ்பிரிங், இணைப்பு, சீட். நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். ஸ்பானரை எடுத்துப் பின்பக்க போல்டில் வைத்துத் திருகினேன். ஒரு வருடம் நின்ற வண்டி, துரு பிடித்திருந்தது. ஸ்பானர் வழுக்கி என் விரல் கிழிந்தது.

சமையலறை வாசலில் நின்றிருந்த ஐசிரெக் முற்றத்துக்கு வந்தாள். வேற்று ஆண் முன்னால் அவள் அப்படி வந்ததில்லை.

"குடுங்க மாமா. அது எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியும்."

கறுப்புப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் முட்டி போட்டாள். முதலில் சீட்டை எடுத்தாள். சாக்கின் மேல் வைத்தாள். லீவரைத் தளர்த்தினாள். இணைப்பு போல்டைத் தட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து, திருகினாள். அழவில்லை. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு டீ ஊற்றுவதுபோலவே, ஒரு சத்தமும் இல்லாமல், என் மகன் அவளுக்காகச் செய்ததை ஒவ்வொன்றாக அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் விற்க நினைத்ததற்காக.

ஜமிர் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"போதும்," என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. நான் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"போதும்மா. திரும்ப மாட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அப்ப எனக்கு?" என்றான் ஜமிர்.

"உனக்கு விக்கல. டீ குடிச்சிட்டுப் போ."

சாயங்காலம் தெமிர்குல் குதித்தான். "பைத்தியமா உனக்கு? ஜனம் வந்து நிக்கும்போது எதை அறுப்பே?"

"என் குதிரையை."

"உன் குதிரையையா? அப்புறம் எதுல போவே நீ?"

"கால் இருக்கு."

தெமிர்குல் என்னென்னவோ சொன்னான். இந்த வயதில் குதிரை இல்லாத மனிதனை யார் மதிப்பார்கள் என்றான். உண்மைதான். ஆனாலும் நானே குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்து அழைத்துப்போனேன்.

விருந்தில் குறை சொல்ல ஒருவருக்கும் இடமில்லை. கறியும் கொழுப்பும் தட்டு நிறையப் போனது. வந்தவர்களை எதிர்கொள்ள நான் ஊர் எல்லைவரை நடந்தே போனேன். பக்கத்து ஊர்க் கிழவன் ஒருவன் திரும்பும்போது குதிரை மேலிருந்து கேட்டான். "என்ன அக்சகால், ஊருக்குப் பெரியவரு இப்படி ஆடு தொலைஞ்சவன் மாதிரி நடந்து திரியுறீரு?"

"ஏப்பத்தை முடிச்சிட்டுப் பேசும்," என்றேன். "உம்ம வயித்துக்குள்ள இருக்கிறதுதான் என் குதிரை."

அவன் குதிரையை விட்டு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெண்கள் ஐசிரெக்கின் கறுப்பைக் களைந்து, துக்கம் தீர்ந்ததற்கு அடையாளமாகத் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜமிர் அவளுக்குக் கோடைக்கால வேலை தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். மறுநாள் காலையில் அவள் வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி, பெட்ரோலை மாற்றி, இரண்டு பக்கமும் பைகளைக் கட்டினாள். உறவுக்காரர்கள் இன்னும் கலையவில்லை. வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

"இலையுதிர் காலத்துல வந்துடுவேன் மாமா. மாவு ரெண்டு மூட்டை இருக்கு. மருந்து மேல் தட்டுல வெச்சிருக்கேன்."

"ம்."

வருவாள், பார்த்துவிட்டுப் போவாள். வயது இருக்கிறது. ஒரு வீடு அமையும். அது இந்த வீடாக இருக்காது.

முற்றம் சரிவு. பாரம் ஏறிய வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் போய்க் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். மாமனார் மருமகளுக்கு வாகனம் பிடித்துக் கொடுப்பது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். வேலியோரப் பேச்சு நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. எஞ்சின் முதல் தடவையிலேயே எடுத்தது. அந்தச் சத்தத்தை நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை.

"மாமா," என்றாள். "விடுங்க."

அப்போதுதான் விட்டேன்.

வளைவு திரும்பிச் சத்தமும் தேய்ந்தது. தெமிர்குல் என் தோளைத் தொட்டான். "உள்ள வா அண்ணே. இப்படி நின்னு அழுதா என்ன நினைப்பாங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்," என்றேன்.