மூடுபனியில் இறங்கிய சிவப்புக் கார்

பனிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள். ஒரு வளைவு. பிறகு ஒரே விளக்கு. பிறகு வெறும் பனி.

குன்னூரில் தூறல் விடவில்லை. மதியம் மூன்று மணிக்கே மலை மங்கிவிட்டது.

தனிஸ்லாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருட உழைப்பு இறங்கிப் போகிறது. இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. துருவைச் சுரண்டியது, தகடு மாற்றியது, இன்ஜினைப் பிரித்துக் கோத்தது, எல்லாம் அவர் கை. விற்பனை விளம்பரத்தையும் அவரே எழுதினார். முழுதும் புதுப்பித்தது. ஒரு குறையும் இல்லை.

வாங்கியவர் பொள்ளாச்சிக்காரர், சிவசாமி. பக்கத்தில் மனைவி தாரணி. "ஏனுங்க, மழைக்குக் கூரை ஒழுகாதுங்களே?" என்று அவள் கேட்க, "ஒழுகுனா நீ குடை புடிச்சுக்க," என்றார் சிவசாமி. சிரித்துக்கொண்டே போனார்கள்.

தனிஸ்லாஸ் கை கழுவ உள்ளே வந்தார். மனைவி பிரகாசி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"சக்கரத்து நட்டை எப்பவும் வண்டியோட பின்பக்கம் பாத்துத்தானே அடிச்சு முடுக்குவீங்க? காலையில பின்சக்கரம் ரெண்டையும் முன்பக்கம் பாத்து அடிச்சீங்க. என்னத்துக்கு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை நின்றுவிட்டது.

அந்தக் காரில் ஒரு சக்கரத்துக்கு ஒரே நட்டு. இறக்கை வைத்த பெரிய நட்டு. இடப்பக்கத்து மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை எதிர்த்திசை. சக்கரம் ஓட ஓட நட்டு தானே இறுகும்.

போன வாரம், நட்டு ஏறும் ஹப் இரண்டையும் பின்சக்கரங்களிலிருந்து கழற்றி, ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினார். எது இடது, எது வலது? குறி வைக்கவில்லை. மாற்றிப் பூட்டிவிட்டார்.

இனி சக்கரம் ஓட ஓட நட்டு கழலும்.

ஓட ஓட. வளைவுக்கு வளைவு.

போன் போட்டார். மணியே அடிக்கவில்லை. மலைச்சாலையில் சிக்னல் கிடையாது. கருவிப் பையைத் தோளில் மாட்டி ஸ்கூட்டரை எடுத்தார். மழைக்கோட்டு எடுக்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் முதலில் தடுப்புச் சுவரைப் பார்த்தார். உடைந்திருக்கிறதா? இல்லை. பிறகுதான் சாலையைப் பார்த்தார்.

அடுத்த வளைவு. சுவர் இருந்தது.

அடுத்தது. சுவர் இருந்தது. பள்ளத்தில் பனி பால் போல நிறைந்திருந்தது. அதற்குள் என்ன கிடந்தாலும் தெரியாது.

மாதாவே, என்னைத் தண்டியும், அவர்களை விட்டுவிடும் என்றார். பேரம் பேசுவது போலிருந்தது. வெட்கமாயிருந்தது. பிறகு வெறுமனே கேட்டார். நிறுத்தும்.

பர்லியாறு ஊருக்குச் சற்று மேலே, மழைக்குள் சிவப்பு.

அசையாத சிவப்பு. பக்கத்தில் ஆட்கள். சாலையில் ஒருவர் கிடந்தார். தனிஸ்லாஸ் ஸ்கூட்டரை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடினார்.

கிடந்தவர் சிவசாமி. கேரட் ஏற்றிய மினிலாரிக்கு அடியில் ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு.

"அட, அண்ணனுங்களா! பாருங்க, ஸ்டெப்னி வெச்சிருக்காரு, ஜாக்கி இல்லியாமா. நம்ம வண்டி ஜாக்கிய எடுத்துக் குடுத்தேனுங்க."

தனிஸ்லாஸ் நேரே காருக்குப் போனார். காரின் பின்னால் மண்டியிட்டு நட்டின் மேல் விரல் வைத்தார்.

விரலுக்கே திரும்பியது.

சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தாரணி சுவருக்கு அப்பால் பள்ளத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"ஒரு குறையுமில்லன்னு எழுதியிருந்தீங்களே," என்றார் சிவசாமி. குரல் உயரவில்லை. அதுதான் வலித்தது.

"எழுதுனேன் தம்பி. தப்பு என்னோடது. வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறேன்."

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், என் டயரு வெடிக்கலைன்னா நீங்க நின்னிருக்க மாட்டீங்க. ஜாக்கி குடுத்ததுக்கு ரெண்டு கேரட் மூட்டைய நீங்களே வெச்சுக்குங்க."

தாரணிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

ஒரு பக்கம் ஜாக்கி, மறுபக்கம் லாரிக்காரர் கொடுத்த மரக்கட்டை. ஹப்புகள் அதனதன் இடத்துக்குப் போயின. தாரணி குடை பிடித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தனிஸ்லாஸ் வேலை முடித்து எழுந்தபோது சிவசாமி சாவியை நீட்டினார்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும் நீங்க ஓட்டுங்ணா. தாரணி உங்ககூட வரட்டும். உங்க ஸ்கூட்டர்ல நான் பின்னால வர்றேன்."

தனிஸ்லாஸ் சாவியை இரண்டு கையாலும் வாங்கினார்.

கார் இறங்கியது. தாரணி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அவரும் முணுமுணுத்தார். சாமி வேறு, பாட்டு வேறு. கேட்டது ஒன்றே.

வளைவு. சக்கரம் பிடித்தது. வளைவு. பிடித்தது.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பனிக்குள் ஒற்றை விளக்கு. நனைந்து, நடுங்கி, விலகாமல் வந்துகொண்டிருந்தது.