நானூற்றெட்டு கிலோ, ஆறு பேர்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு ஒன்பது வயதில் முந்நூற்றைம்பது கிலோ எடை இருந்தது. பார்க்க ஒல்லிதான். குறைமாதத்தில் பிறந்ததால் பஞ்சு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அத்தனையும் பதினோரு மாதத்தில் ஏறிய எடை. முதலில் கட்டில் உடைந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சுகள். வகுப்பின் கடைசியில் அவளுக்கென்று சிமெண்டில் ஒரு திண்டு கட்டினார்கள். டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசி டாக்டர் சீட்டில் மருந்துக்குப் பதிலாக ஒரு முகவரியை எழுதினார்: குடும்ப ஆலோசனை மையம், நான்காவது மாடி, செவ்வாய் மாலை நான்கு மணி, மூவரும் வரவேண்டும்.

அந்தக் கட்டடத்து லிஃப்டும் மெக்கானிக்கின் பராமரிப்பில்தான் இருந்தது. 408 கிலோ, ஆறு பேர் என்று உள்ளே தகடு உண்டு. அதற்கு மேல் ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது. போகிற இடமெல்லாம் மணி அடித்து, ஆட்கள் திரும்பிப் பார்த்து, மகள் தலையைக் குனிந்துகொள்வதை அவன் பார்த்திருந்தான். அன்று காலையே தனியாகப் போய் அந்த மணியின் ஒயரைக் கழற்றிவிட்டான். பதினெட்டு வருட வேலையில் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. மாலையில் மூவரும் ஏறினார்கள். மொத்தம் நானூற்று எண்பத்தைந்து கிலோ. மணி அடிக்கவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது மேலே கம்பி வடத்தில் ஒரு புரி அறுந்த சத்தம் கேட்டது. மனைவி மாறும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன சத்தம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆலோசகர் பேனாவைக் காதில் செருகியிருந்த ஐம்பது வயதுப் பெண். ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம், முதல் நாள் கேட்பதோடு சரி, யார் பக்கமும் சாயமாட்டேன், தீர்ப்பும் சொல்லமாட்டேன், பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது.

"ஒண்ணுக்கு மட்டும் விலக்கு. குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் மேல சொல்லியாகணும்."

"சொன்னா?" என்றான் மெக்கானிக்.

"வந்து விசாரிப்பாங்க. தேவைப்பட்டா குழந்தைய கொஞ்ச நாள் வேற இடத்துல வைப்பாங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் நாற்பத்திரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அதற்குப் பிறகு கீழே இறங்க வேண்டும்.

என்ன பிரச்சினை என்று யாராவது சொல்லுங்கள் என்றார் ஆலோசகர். மனைவி மகள் பக்கம் திரும்பினாள். "பஞ்சு, உங்கப்பாவையே சொல்லச் சொல்லு. ஊர்ல உள்ளவங்களையெல்லாம் மேல கீழ கொண்டு விடுறாரு, வீட்டுல ஒரு வார்த்தை மேல வரமாட்டேங்குது."

"அப்பா, நீங்களே சொல்வீங்களாம்."

"உங்கம்மா மூச்சு விடுறப்போ சொல்றேன்னு சொல்லு."

சிறுமி திரும்பி, "அம்மா, அப்பா என்ன சொல்றாங்கன்னா..." என்றாள். அவள் நாற்காலியின் இரும்புக் கால் தரைக் கல்லைத் துளைத்துக்கொண்டு கால் அங்குலம் இறங்கியது. ஆலோசகர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்குப் பதினோரு மாதம் என்று சிறுமிதான் பதில் சொன்னாள். பேச்சு நின்றதற்குப் பெரியவர்கள் இருவரிடமும் வேறு வேறு காரணம் இருந்தது.

"இனிமே இந்த ரூம்ல நீ யாரு சொன்னதையும் யாருகிட்டயும் கொண்டு போக வேணாம்மா. வெளிய கொஞ்ச நேரம் விளையாடு" என்றார் ஆலோசகர்.

மெக்கானிக் பாரம் கணக்குப் போட்டே பிழைத்தவன். நாளைக்கு ஏழெட்டுச் சேதி மகள் சுமந்திருப்பாள், ஒரு சேதிக்கு நூற்றைம்பது கிராம் வைத்தாலும் பதினோரு மாத எடை சரியாக வந்தது. நிமிர்ந்தபோது கதவுக் கண்ணாடி வழியாக மகள் லிஃப்டை நோக்கி நடப்பது தெரிந்தது. இடுப்பில் தூக்கிச் சுமந்த காலத்திலிருந்தே அவளுக்கு அந்தப் பொத்தானை அமுக்கப் பிடிக்கும். கதவு திறந்தது. அவன் ஓடினான்.

"பஞ்சு, நில்லு!"

ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்றாள். லிஃப்டின் தளம் வாசலுக்கு ஒரு விரல் கீழே தாழ்ந்திருந்தது. பின்னாலேயே வந்த மனைவி பழக்க தோஷத்தில், "ஏறினா என்னவாம், உங்கப்பாவைக் கேளு" என்றாள். சிறுமி வாயைத் திறந்தாள். என்ன பொய் வேண்டுமானாலும் அவள் வழியாகச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆலோசகர் கதவருகே நின்றிருந்தார்.

"அவகிட்ட கேக்காத. என்கிட்ட கேளு" என்றான் மனைவியைப் பார்த்து. "மணி ஒயரை நான்தான் கழட்டினேன். வர்றப்போ வடத்துல ஒரு புரி அறுந்துச்சு. தெரிஞ்சும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு, "புள்ளைய வச்சுக்கிட்டு இந்த வேலை பாப்பீங்களா? மூளையக் கழட்டி எங்க வச்சீங்க?" என்றாள். பதினோரு மாதத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. லிஃப்டின் தளம் ஒரு நூல் அளவு மேலே வந்தது. மெக்கானிக்கின் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். பஞ்சு காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.

மேலே சொல்லத்தான் போகிறேன், நீங்களாகவே சொன்னீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுவேன் என்றார் ஆலோசகர். படியில் இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நான்கு மாடிக்கும் மனைவி அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள், நேராகவே. வியாழக்கிழமை விசாரிக்க இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வண்டி நின்ற சத்தத்தில் அவன் மகளின் கையைப் பிடித்தவன் அவர்கள் போகும்வரை விடவில்லை. மாதம் ஒருமுறை வருவோம் என்று சொல்லி, குழந்தையை அங்கேயே விட்டுப் போனார்கள். கம்பெனி அவனை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தியது. வேறொருவன் புது வடம் போட்டு மணியை மாட்டினான்.

அடுத்த செவ்வாய் பஞ்சு முந்நூற்று நாற்பத்தேழு கிலோ. மூவரும் ஏறியதும் மணி அடித்தது. மனைவி இறங்கினாள், அப்போதும் அடித்தது. அவனும் இறங்கிய பிறகு நின்றது. கதவு மூடி அவள் மட்டும் மேலே போக, இருவரும் பக்கத்துப் படியில் மூச்சிரைக்க, யார் முதலில் இறங்கியிருக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டே ஏறினார்கள். எடை மெதுவாகத்தான் இறங்கியது; இரண்டு வருடம் அப்படித்தான் போனார்கள். அந்தக் கட்டடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. தகட்டுக்குக் கீழே காவலாளி ஓர் அட்டையை ஒட்டிவைத்தார்: செவ்வாய் மாலை நான்கு மணி, ஒரு சிறுமி மட்டும்.