லிஃப்ட் மெக்கானிக் வீட்டுப் பவளம்

இப்போதெல்லாம் எவனுக்கும் பொறுமை கிடையாது. தனித்தனியாகச் செய்ய வேண்டியதை ஒன்றாகக் கொட்டிவிட்டு, மிச்சமான நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் அப்படிச் செய்ததால்தான் அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பவளங்கள் அவன் மனைவியின் வலது மணிக்கட்டு எலும்பைத் தின்றன.

தொட்டியில் இருந்தது உப்புத் தண்ணீர். பவளம் தன் கூட்டைக் கட்ட அதிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்தை எடுக்கும். எடுக்க எடுக்கக் குறையும். குறைந்ததை ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டு புட்டிகள்: ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் சோடாக் கரைசல். ஒன்று காலையில், மற்றது மாலையில். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவன் இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்து ஊற்றினான். தொட்டிக்குள் பனி பெய்தது. சுண்ணாம்பெல்லாம் வெள்ளைத் தூளாகி அடியில் படிந்தது. தூளைத் தின்னப் பவளத்துக்குத் தெரியாது. பார்க்க அழகாயிருக்கிறதென்று அவன் தினமும் அப்படியே ஊற்றினான்.

பசித்த பவளங்கள் முதலில் சுவரின் வெள்ளையை இழுத்தன. பிறகு சமையலறை முட்டைகள் ஓடில்லாமல் தளதளவென்று கிடந்தன. "அக்காவுக்கு மாமியார் இல்லாத குறைய தீத்துட்டீங்க மச்சான்" என்று தொட்டியைக் காட்டிச் சொன்னான் மனைவியின் தம்பி. அவள் தையல்காரி. ஒரு நாள் திரைச்சீலை வெட்டக் கத்திரிக்கோலைத் தூக்கினாள். மணிக்கட்டு சுள்ளிபோல முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். விடிய விடிய அந்தக் கட்டும் மெலிந்துகொண்டே வந்தது. மாதங்கள் போயின, எலும்பு கூடவில்லை. துணி கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் அவன் தண்ணீரைச் சோதித்தான். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாகும்வரை எண்ண வேண்டும். எத்தனை சொட்டோ அத்தனை கால்சியம். முதல் சொட்டிலேயே நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து புட்டிகளைத் தனித்தனியாக ஊற்றினான். தண்ணீர் தேறியது, முட்டைக்கு ஓடு வந்தது. கை மட்டும் தொங்கியது.

"உங்க செல்லங்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சுல்ல? வாங்கினத யாரு திருப்பிக் குடுப்பா?" என்று கேட்டு, அவள் கட்டை அவிழ்த்தெறிந்து, முழங்கைவரை தொட்டிக்குள் விட்டாள். பவளங்கள் தம் மெல்லிய விரல்களை நீட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. அவன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். கையை எடுக்காமலே அவள் தூங்கிப்போனாள். எழுந்தபோது கை நேராக நின்றது. எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கிளைகிளையாக ஏதோ தெரிந்தது. "நல்லா ஒட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது அவள் பழையபடி தைக்கிறாள். கை குடைந்தால் தொட்டியில் கால்சியம் குறைந்திருக்கிறதென்று அர்த்தம்; அவன் போய்ச் சோதித்தால் குறைந்துதான் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருக்கும் என்னையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தோலுக்கடியில் பொடிப்பொடியாக ஏதோ விரிந்து என் விரலைப் பற்றியது. "நரம்பு துடிக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, விரலை உருவிக்கொண்டு நடையைக் கட்டினேன்.