ஜெயந்திலால் பண்டகசாலை தாழ்ந்த விதம்

மலையாளத் துலாம் மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, மட்டாஞ்சேரிக் கடைவீதியின் சுமைத் தொழிலாளிகள் பதினாறு பேர் சேர்ந்து, நாற்பத்தாறு கிலோ எடையுள்ள ஒரு பெண்ணைத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள். அன்று வெயில்கூட அதிகமில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஏலியாம்மா. கட்டப்பனைக்கு மேலே மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார். இரண்டு வயதில் போலியோ வந்து கால்கள் நின்றுபோயின. அதன்பின் முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்பன், கல்யாணத்துக்கு அண்ணன்மார், ஓட்டுப் போட எந்தக் கட்சிக்காரன் முதலில் வருகிறானோ அவன். நாற்பதாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் படியில் பாதி ஏறியிருந்தபோது, இறக்கிவிடுங்கள் என்றார். இறக்கினார்கள். அன்றிலிருந்து அவரை ஒருவராலும் தூக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அதிலிருந்து ஜீப்புக்கும் தாமே மாறிக்கொள்வார், ஆஸ்பத்திரித் தராசிலும் எடை கூடவில்லை. தூக்குவதற்கென்று இன்னொருவர் கைவைத்தால் மட்டும் மலை இறங்கி அமர்ந்ததுபோல் ஆகிவிடும். ஊர்க்காரர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மாதா கோயிலுக்குச் சரிவுப் பாதை கட்டினார்கள், மாவு மில்லில் பலகை போட்டார்கள், வங்கியை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள்.

அவருடைய மிளகு மட்டும் முப்பத்தொரு வருஷமாக அவர் இல்லாமலே கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. போகுமிடம் ஜெயந்திலால் சேட்டின் பண்டகசாலை. அதற்குப் பின்வாசல் ஒன்று உண்டு, திறந்தால் காயல் நீர், அதற்கப்பால் கப்பல்கள் என்று லாரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தார். அந்த வாசல்வரை தன் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஆறு மணி நேரம் ஜீப்பில் வந்திருந்தார். பண்டகசாலையின் முன்வாசலில் நான்கு கருங்கல் படிகள் இருந்தன.

எங்கள் கடைவீதியில் எது மேலே ஏறினாலும் அது சுமைத் தொழிலாளிகளின் கையால்தான் ஏற வேண்டும். அவர்களுடைய மூப்பன் பரீது, படிக்கு முன்னால் நின்ற நாற்காலியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"சேச்சி, அசையாம உக்காருங்க. பியானோவையே ரெண்டாம் மாடிக்கு ஏத்தினவங்க நாங்க."

"நான் தூக்கச் சொல்லலையே."

"நீங்க சொல்ல வேண்டாம். படி இருந்தா அது எங்க வேலை."

இரண்டு பேர் பிடித்தார்கள். பிறகு நான்கு, எட்டு, பதினாறு. ஏலியாம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். எதிர்ச் சாயாக்கடையிலிருந்து, "பரீதிக்கா, காலைல புட்டு மட்டுந்தான் தின்னீங்களா, கடலை இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். பரீது மூச்சு வாங்கக் கையை விட்டார்.

சேட்டு உள்ளேயிருந்து வந்தார். குஜராத்திக்காரர், நல்ல மனுஷர். "பெஹன், எதுக்கு இவ்வளவு கஷ்டம். பின்வாசலைப் போன்ல படம் எடுத்துட்டு வந்து காட்டறேன்," என்றார்.

"படம் பாக்கணும்னா கட்டப்பனையிலயே இருந்திருப்பேனே, சேட்டு."

ஏலியாம்மா நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார். திரும்பிப் போகும் நினைப்பு அவர் முகத்தில் இல்லை. கடைசியில் அவர்தான் பரீதிடம், ஏதோ மிளகின் ஈரப்பதத்தை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"தூக்க முடியாத சரக்கு வந்தா என்ன செய்வீங்க?"

"வள்ளத்தத் தாழ்த்துவோம். பாரம் ஏத்தி, விளிம்பு துறைக்குச் சமமா வர்ற வரைக்கும். அப்புறம் சரக்கை உருட்டி..." என்று சொல்லிக்கொண்டிருந்த பரீது நிறுத்தி, பண்டகசாலையை மேலும் கீழும் பார்த்தார்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். வீதியிலிருந்த சுக்கு, மஞ்சள், கொப்பரை, அரிசி எல்லாம் பண்டகசாலைக்குள் போயின. அறுபது மூட்டைக்கு முதல் படி இறங்கியது. சேற்றில் தென்னந்தடி பரப்பி அதன்மேல் கட்டிய கட்டடம் அது. வீதி, தண்ணீர்போல், அந்தக் கல்லை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

"என் கட்டடம்யா அது," என்றார் சேட்டு.

"மூழ்க விடமாட்டோம், சேட்டு. டேய், வடக்கு மூலைல ரெண்டு மஞ்சள் போடு, தலை தூக்குது."

வள்ளத்துக்குப் பார்ப்பதுபோலவே பரீது தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தார். உத்தரங்கள் முனகின. ஒரு ஓடு விழுந்தது, வேறு சேதமில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டாவது மூட்டைக்கு நிலைப்படி வீதியோடு ஒட்டி நின்றது. சாயாக்கடைக்காரன் அடுப்பை விட்டு வந்து பார்த்தான். ஒரு கை நாற்காலியின் பக்கம் நீண்டது, பரீது அதைத் தட்டிவிட்டார்.

ஏலியாம்மா சக்கரத்தைத் தள்ளினார். மூட்டைகளுக்கு நடுவே விட்டிருந்த வழியில், நீளமான கல்தளத்தைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார். அதன் தாழ்ப்பாளை அவரே நீக்கினார். காயல் நிலைப்படிக்கு ஒரு விரற்கடை கீழே கிடந்தது. அப்பால் ஒரு கப்பல் நகராமல் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்திருப்பார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

"நம்ம மிளகு இந்த வழியாத்தான் போகுதா?"

பரீது தலையைச் சொறிந்தார். "இப்ப இல்ல, சேச்சி. இருபது வருஷமாச்சு. எல்லாம் முன்வாசல் வழியா லாரியிலதான்."

"அப்ப நான் வந்த வழிதான்," என்றார் ஏலியாம்மா. கதவைத் திறந்தே விட்டுவிட்டு, வேறு தோட்டங்களின் மிளகு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துத் தன்னுடையதே தேவலை என்றார்.

மூட்டைகளை மறுநாளே இறக்கிவிட்டார்கள், ஆனாலும் கட்டடம் மேலே வரவில்லை. அந்த வருஷமே பக்கத்து மூன்று பண்டகசாலைக்காரர்களும் பரீதைக் கூப்பிட்டுத் தாழ்த்திக்கொண்டார்கள். இப்போது தபால்காரர் சைக்கிளிலேயே உள்ளே போய்க் கடிதம் கொடுத்துத் திரும்புகிறார். ஏலியாம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறார். ஆடுகள் உள்ளே நுழைந்து சுக்கைத் தின்பதுதான் தொந்தரவு, அதற்கு வாசலில் எடுத்து வைக்கிற மாதிரி ஒரு தடுப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.