ஒரு பவுன் குண்டு

டூங்கபியில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. ஒரு சுவரோரம் என்னுடைய மேசை. மறு சுவரோரம், என் மனைவி மாக்கிறேட்டின் மீன் பொரிக்கும் அடுப்பு வருவதற்கென்று விட்டிருக்கும் வெற்றிடம். அடுப்பு கட்டாயம் வரவேண்டும் என்பது அவளுடைய நிலைப்பாடு. வெடிமருந்தும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது என்னுடைய நிலைப்பாடு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் என் மேசைதான் போகவேண்டும் என்று விடை வருவதை நான் பிந்தித்தான் கவனித்தேன்.

மேசையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் அங்கே போய், இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் தொங்கும் கடதாசி வட்டங்களைச் சுடுவோம். மன்னாரில் இந்தச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்தவர் இங்கே சந்தா கட்டிக் கேட்கிறார் என்று பொனிபஸ் எல்லோருக்கும் சொல்லுவான். பொனிபஸ் மாக்கிறேட்டின் தம்பி. அதே கழகத்தில்தான் அவனும் சுடுகிறான். அவன் துப்பாக்கி ரவைகளைக் கடையில் பெட்டியாக வாங்குகிறவன். நான் வீட்டில் செய்கிறவன். சுட்டபின் விழுகிற பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் தீப்பொறி தருகிற சின்ன மூடியை இறுக்கி, மருந்தை நிறுத்து உள்ளே கொட்டி, வாயில் குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்து அமர்த்தினால் ஒரு ரவை தயார். ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே அச்சாக இருக்கும். ஆகவே குறி தவறாது. இந்த நம்பிக்கையோடு மூன்று வருடங்களாக நான் பொனிபஸிடம் தோற்று வருகிறேன்.

செப்டம்பர் முடிவில் மாக்கிறேட் ஒரு தீர்வு சொன்னாள்.

"வருசக் கடைசிப் போட்டியில உங்கட கைரவையால என்ர தம்பியை வெண்டால் மேசை இருக்கட்டும். தோத்தால் அடுத்த கிழமை அடுப்பு வரும்."

நான் சம்மதித்தேன். சாட்சியாக இருந்த பொனிபஸ் ரோல்ஸ் சாப்பிட்டபடி தலையாட்டினான்.

அன்றிலிருந்து நான் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுக்கத் தொடங்கினேன். என் தராசு பழைய கோல் தராசு. கிறெயின் என்ற பழைய அளவில் மட்டும்தான் காட்டும். நூற்றிருபத்து நான்கு கிறெயினில் ஒரு மயிரிழையும் பிசகாத குண்டுகளாகப் பொறுக்கி, போட்டிக்குத் தேவையான அறுபதையும் ஒரு நீல பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்தேன். பொறுக்கிக் கழித்தவற்றைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்தேன். கடையில் புதிய குண்டு வரப் பிந்தும் என்றார்கள். எனக்கு அது கவலையாக இருக்கவில்லை. ரின் நிறைய இருந்தது.

பிழை ஒக்ரோபரில் நடந்தது. வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்லும் மாதம். எங்கள் வீட்டு முறை வந்த நாளில் செபம் முடிந்து, பெண்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். செபத்துக்கு வந்திருந்த மெலனி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கராஜுக்குள் வந்தாள். அவளுடைய கணவன் டினேஷ் கலியாண நாளுக்குக் கொடுத்தது. மூன்று பவுன் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். கழுத்தில் கிடக்கும்போது மூன்று பவுன் மாதிரித் தெரியவில்லையாம். என் தராசில் ஒருக்கால் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். இது பவுனுக்கான தராசு இல்லை, கிறெயின் கணக்கு உங்களுக்கு விளங்காது என்று சொன்னேன். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத பழக்கம் எனக்கு.

"ஆனால் பாருங்கோ, இந்தக் குண்டு ஒண்டு எட்டுக் கிராம். ஒரு தூசிதான் கூட. சரியா ஒரு பவுன்."

மெலனிக்குப் பின்னால் மாக்கிறேட் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். 

மூன்று குண்டுகளைத் தட்டில் வைத்துக் கோலைச் சமப்படுத்தினோம். பிறகு குண்டுகளை எடுத்துவிட்டுச் சங்கிலியை வைத்தோம். கோல் எழும்பவில்லை. இரண்டு குண்டுகளுக்குச் சமப்படுத்திப் பார்த்தபோது டக்கென்று எழும்பி இடித்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், இரண்டரை. மெலனி ரின்னிலிருந்து ஒரு குண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் பரமட்டாவில், அந்தச் சங்கிலி வாங்கிய நகைக்கடையில், கண்ணாடி மேசையில் அவள் குண்டை வைத்து முதலில் இதை நிறுங்கள் என்றாளாம். விற்பனைக்கு நின்ற பெடியன் குண்டைப் பார்த்தான், மெலனியைப் பார்த்தான், பிறகு இரண்டு கையையும் மெதுவாக மேலே தூக்கினானாம். "தம்பி, கையைக் கீழ போடும், இது பவுன்" என்று மெலனி விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததாம். கடைத் தராசு எட்டுக் கிராமுக்கு ஒரு தூசி கூடவே காட்டியது. கடைக்காரர் பழைய பில்லையும் எடுத்துக் காட்டினார். டினேஷ் இரண்டரைப் பவுனுக்குத்தான் வாங்கியிருந்தார். கடை நேர்மை. குண்டும் நேர்மை. மிச்ச விளக்கத்தை டினேஷ் வீட்டில் கொடுத்தார். அந்த ஞாயிறு கோவில் வாசலில் நான் சொன்ன வணக்கத்தை அவர் வாங்கவில்லை.

அதன்பிறகு நான் வேலைக்குப் போகும் நேரங்களில் கராஜில் ஆள் நடமாட்டம் கூடியது. கோவிலில் என் வணக்கத்தை வாங்காத ஆண்களின் தொகையும் கூடியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை நான் யோசிக்கவில்லை. போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமை, ரவை செய்வதற்காக நீல ரின்னைத் திறந்தேன். அடியில் ஏழெட்டுக் குண்டுகளும் யாரோ மறந்துவிட்டுப் போன தோட்டைப் பின்னால் பூட்டும் ஒரு சுரையும் கிடந்தன.

"மாக்கிறேட், என்ர குண்டுகள் எங்க?"

"ஆளுக்கு ஒண்டு ரெண்டுதானே அப்பா எடுத்தவை. வீட்டில வைச்சு நிறுக்க ஒரு படிக்கல்லு வேணுமெண்டு கேட்டவை."

"அறுபது இருந்தது."

"அப்ப கனபேர் வந்திருக்கினம் போல."

சனிக்கிழமை முழுவதும் வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தது மனைவி என்றால் பிரச்சினை இல்லை. கணவன் திறந்தால், குண்டு எடுக்க வந்தனான் என்று வாசலில் நின்று சொல்ல முடியாது; உள்ளே போய்க் கதிரையில் இருந்து, மழையைப் பற்றிக் கதைத்து, தேத்தண்ணி குடித்து, அந்தாள் எழும்பிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் என் குண்டுகள் குழந்தை யேசுவின் சுரூபத்துக்குப் பின்னால் இருந்தன. இன்னொரு வீட்டில் மடித்து வைத்திருந்த சீலைகளுக்கு நடுவில் பூச்சி உருண்டைகளோடு கிடந்தன; எது குண்டு, எது உருண்டை என்று அவர்களே கையை விட்டுத் துழாவினார்கள். பின்னேரம் வயிற்றில் தேத்தண்ணியும் பொக்கற்றில் ஈயமுமாக விமலா அக்கா வீட்டில் போய் நின்றேன். ஒன்றுதான் குறைந்தது. அது அவவிடம்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இல்லை.

"அது நகையோட நகையா பரமட்டாவில பாங்குப் பெட்டகத்துக்குப் போயிட்டுது தம்பி ஸ்ரான்லி. பத்திரமா இருக்கு, பயப்பிடாதையும். திங்கக்கிழமை எடுத்துத் தாறன்."

வீட்டுக்கு வந்து குண்டுகளைத் துடைத்து ரவை செய்தேன். மருந்து நிறுக்கும்போதெல்லாம் பூச்சி உருண்டை மணத்தது. கடைசியில் ஐம்பத்தொன்பது ரவைகள் வரிசையில் நின்றன. பக்கத்தில் வாய் திறந்தபடி ஒரு வெறும் கோது.

போட்டியில் சுடாத ஒரு சூட்டுக்குப் புள்ளி பூச்சியம். அது தெரிந்துதான் போய் நின்றேன். பக்கத்துத் தடுப்பில் பொனிபஸ். ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும். என்ன நடந்ததோ தெரியாது, அந்தோனியார் நினைத்தாரோ தேத்தண்ணி வேலை செய்ததோ, என் கை அன்று நடுங்கவில்லை. கடைசி ஐந்துக்கு முதல் புள்ளிகளைப் பார்த்தபோது நான் பொனிபஸை விட மூன்று முன்னால் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. என் மேசையை மனதுக்குள் தடவிப் பார்த்தேன். பிறகு ரவைப் பெட்டியைப் பார்த்தேன். நான்கு இருந்தது.

பொனிபஸும் எட்டிப் பார்த்தான். விசயம் அவனுக்கு விளங்கியது. டூங்கபி முழுவதற்கும் விளங்கிய விசயம்தானே. தன் பெட்டியை நீட்டினான்.

"ஒண்டு எடுங்கோ அத்தான். கடைச் சாமான்தான். ஆனாலும் வெடிக்கும்."

மானமா மேசையா என்று நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. எடுத்தேன். துப்பாக்கியின் கூட்டில் முதலில் போடுவது கடைசியாகத்தான் வரும். ஆகவே அவனுடையதை முதலில் போட்டு, அதற்கு மேலே என்னுடைய நான்கையும் போட்டேன்.

இரண்டு புள்ளிகளால் நான் வென்றேன். கடதாசியைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தோம். என் நான்கும் நடுவைச் சுற்றி மரியாதையாகத் தள்ளித் தள்ளி நின்றன. கடைசியாகச் சுட்ட ஐந்தாவது வட்டத்தின் நட்டநடுவில் கம்பாசால் குத்தியதுபோல் ஒரு ஓட்டை. பொனிபஸ் அதற்குள் விரலை விட்டு ஆட்டினான்.

"இது என்ர."

வீடு வரும்வரை காரில் அதே கதைதான். தன் ரவை இல்லாவிட்டால் எனக்குப் பத்துப் புள்ளி இல்லை என்றான். எங்கள் ஒப்பந்தம் வெல்வதைப் பற்றித்தான் என்றேன். கைரவையால் வெல்வதைப் பற்றி என்றான். கடைசியில் கடதாசியை மாக்கிறேட்டிடமே கொடுப்பது என்று முடிவானது.

கராஜில் மாக்கிறேட் தனியாக இருக்கவில்லை. பிரியந்தினி வீட்டில் கலியாணம். காப்புகளைப் பரப்பி வைத்து நாலைந்து பேர் தராசைச் சுற்றி நின்றார்கள். மாக்கிறேட் என் கதிரையில் இருந்தாள். நாங்கள் இருவரும் மாறி மாறி வழக்கைச் சொன்னோம். அவள் கடதாசியைப் பார்க்கவே இல்லை.

"மேசை எங்கயும் போகாது. வாற சனி இன்னும் ஆறு பேர் வருகினம். அடுப்பை வெளியில வைப்பம். கூரையைத் தம்பி போட்டுத் தருவான்."

தான் வென்றதாகச் சொல்லிக்கொண்டிருந்த பொனிபஸ், தோற்றவன் மாதிரிக் கூரையின் நீள அகலத்தைக் கேட்டான். வென்ற எனக்கு இருக்கக் கதிரை இல்லை.

திங்கள் பின்னேரம் சொன்ன சொல் தவறாமல் விமலா அக்கா வந்தா. சிவப்புப் பட்டு வைத்த மோதிரப் பெட்டிக்குள் என் அறுபதாவது குண்டு. நான் கையை நீட்டினேன். மாக்கிறேட் இடையில் அதை வாங்கித் தட்டில் வைத்து, கோல் ஆடி நிற்கும்வரை பார்த்திருந்து, பிறகுதான் என்னிடம் தந்தாள்.

"சரியா இருக்கு."